தடைக்கும் தடைக்கும் நடுவே

மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். அவனோடு போரிட்டு மாண்ட கொல்லிமலை ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. குதிரைக்கும் வீரனுக்கும் ஒரே பெயரைச் சொல்லிப் பாடிய சங்கப் புலவர்களுக்கு இருவரையும் பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை போலிருக்கிறது. காரியின் கோவலூர்தான் இன்றைய திருக்கோவிலூர். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு வடகிழக்கே செஞ்சி. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த தேசிங்கு ராஜனையும் அவன் குதிரையையும் இந்த வட்டாரம் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. ஊர் எல்லைகளில் அய்யனாருக்கு மண்குதிரைகள் நிற்கின்றன. கல்வராயன் மலையடிவாரம் முதல் தென்பெண்ணைக் கரை வரை குதிரைக் கதைக்குப் பஞ்சமில்லை, குதிரைக்குத்தான் பஞ்சம். இந்த மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி குதிரையேறித் தடை தாண்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் சென்னைக்கோ ஆரோவில் பக்கமோ பெங்களூருக்கோதான் போயாக வேண்டும். போனபின் அவளுக்கு முதலில் விளங்கப்போவது நம் கதைகள் எதுவும் சொல்லாத ஒரு செய்தி. இந்த வித்தையில் இருப்பதிலேயே சுலபமானது தாண்டுவதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே இது விளங்கும். முழுக் கோர்ஸ் என்றால் மணல் பரப்பிய மைதானத்தில் 10 முதல் 13 தடைகள். சில செங்குத்தானவை, சில அகலமானவை. இரண்டோ மூன்றோ அடுத்தடுத்து வரும் கூட்டுத் தடைகளும் உண்டு. வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளைக் கொடி. எண் வரிசை மாறக் கூடாது. கம்பு விழுந்தால் 4 புள்ளி அபராதம். குதிரை தாண்ட மறுத்து நின்றால் இன்னொரு 4. மறுபடி நின்றாலோ குதிரையிலிருந்து விழுந்தாலோ ஆட்டம் முடிந்தது. கோர்ஸின் நீளம் 500 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றி முடிக்க 86 வினாடி ஆகும். ஒவ்வொரு தாண்டலிலும் குதிரை காற்றில் கடப்பது ஏறத்தாழ 4 மீட்டர். 12 தடைக்கு 48 மீட்டர் என்றால், மொத்தத் தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி 450 மீட்டரும் தரையில்தான். பத்திரிகைப் படங்களில் வருவதெல்லாம் அந்தப் பத்தில் ஒரு பங்கு. கற்க வேண்டியதெல்லாம் மீதியில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். விளையாட்டுக்கு மட்டுமல்ல, குதிரையோடு நமக்கிருந்த நெடுங்கால உறவுக்கும் இது பொருந்தும் என்பது அதன் இரண்டாம் பாதி.

தரையில் அப்படி என்ன நடக்கிறது? கேண்டர் என்னும் மூன்று தட்டு ஓட்டத்தில், பழகிய குதிரையின் ஒரு ஸ்ட்ரைடு, அதாவது ஒரு முழு எட்டு, சுமார் 12 அடி. தடையைத் தாண்டி இறங்குவதற்கு 6 அடி, அடுத்த தடைக்குக் கிளம்புவதற்கு 6 அடி. ஆக, இரண்டு தடைகளுக்கு நடுவே 60 அடி இருந்தால் நடுவில் சரியாக நான்கு ஸ்ட்ரைடு. இப்போது குதிரை சற்றே சோம்பி 11 அடி ஸ்ட்ரைடு போடுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான். ஆனால் நான்கு ஸ்ட்ரைடு முடிந்தபோது 4 அடி குறைகிறது. தடைக்கு 6 அடி தள்ளி நிற்க வேண்டிய குதிரை 10 அடி தள்ளி நிற்கிறது. அங்கிருந்து எகிறினால் பின்னங்கால் கம்பில் தட்டும். இன்னொரு அரை ஸ்ட்ரைடு திணித்தால் தடை மார்பில் முட்டும். புத்திசாலிக் குதிரை இரண்டையும் செய்யாமல் நின்றுவிடும். இதைச் சரிசெய்ய வேண்டிய நேரம் எது? கடைசி ஸ்ட்ரைடு அல்ல. முந்தைய தடையைத் தாண்டி இறங்கிய முதல் ஸ்ட்ரைடிலேயே, ஓட்டத்தை நீட்டி நான்கில் போவதா, சுருக்கி ஐந்தில் போவதா என்று ஏறியிருப்பவர் முடிவெடுத்திருக்க வேண்டும். அதற்கு முன் வளைவு. இடப்பக்கம் திரும்பும்போது குதிரைக்கு இடது முன்கால் முந்த வேண்டும். கால் மாறினால் சமநிலை போகும், சமநிலை போனால் ஸ்ட்ரைடு சுருங்கும். ஐந்தாம் தடையில் விழுந்த கம்புக்குக் காரணம் மூன்றாம் தடைக்குப் பின் வந்த வளைவாக இருக்கலாம். மிருதங்கக்காரர் கோர்வையை எடுப்பில் கொண்டுவந்து இறக்குவதைப் போன்ற கணக்கு இது. அந்தக் கணக்கில் பங்கு கேட்கும் ஐந்நூறு கிலோ உயிர் ஒன்று கூடவே ஓடுகிறது என்பதுதான் வேறுபாடு.

‘தாண்டுவது குதிரை, ஏறியிருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்று சொல்பவர்களுக்கும் பதில் இங்கேதான் கிடைக்கிறது. போட்டிக்கு முன்னால் கோர்ஸைக் குதிரைக்குக் காட்ட விதி இடம் தராது. ஏறப்போகிறவர் மட்டும் மைதானத்தில் நடந்து அளப்பார். 3 அடிக்கு ஒன்றாக நான்கு காலடி வைத்தால் ஒரு ஸ்ட்ரைடு. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னால் ஒரு குருட்டு இடம் உண்டு. கடைசி நொடியில் தடை அதன் பார்வையிலிருந்து நழுவுகிறது. நிறமும் நமக்குத் தெரிவதுபோல் அதற்குத் தெரியாது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, அந்நாட்டுத் தடைப் பந்தயங்களில் ஆரஞ்சு நிறத்துக்குப் பதில் வெள்ளை பூசத் தொடங்கினார்கள். ஆகவே கோர்ஸ் முழுவதும் தெரிந்தது ஒருவருக்கு. தாண்டும் வலு இருப்பது இன்னொருவருக்கு. தெரிந்தவர் வலுவுள்ளவருக்கு அதை எப்படிச் சொல்கிறார் என்பதே இந்த விளையாட்டு.

இந்த உண்மை ஐரோப்பாவுக்கே பிடிபட நெடுங்காலம் ஆனது. நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரை குதிரைப் படையினர் தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து, காலை முன்னே நீட்டி, லகானை இழுத்துப் பிடித்தார்கள். முன்னங்கால்களைக் காப்பாற்றுவதாக நினைப்பு. 1868-ல் பிறந்த ஃபெதெரிகோ காப்ரில்லி என்ற இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி, ஆளில்லாமல் தானாகத் தாண்டும் குதிரைகளைக் கவனித்தார். அவை கழுத்தை முன்னே நீட்டி, முன்னங்காலில்தான் இறங்கின. நாம் இழுத்துப் பிடிப்பது உதவியல்ல, இடைஞ்சல் என்று அவருக்குப் புரிந்தது. அங்கவடியை உயர்த்தி, உடலை முன்சாய்த்து, குதிரையின் போக்கிலேயே போகும் இருக்கையை அவர் உருவாக்கினார். 1907-ல், நாற்பது வயதுக்குள் அவர் இறந்த பிறகு உலகமே அதை எடுத்துக்கொண்டது. இன்று தடை தாண்டும் ஒவ்வொருவரும், பெயர் தெரிந்தோ தெரியாமலோ, அவருடைய மாணவர்தான். காப்ரில்லியின் குதிரைப்படைப் பள்ளியில் செங்குத்துச் சரிவுகளில் இறங்குவதும் பாடமாக இருந்தது. சரிவில் தன் எடையைத் தானே தாங்கப் பழகிய குதிரை மைதானத்தில் தடுமாறாது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சரிவுகளைப் பார்ப்பவருக்கு இந்தத் தகவல் சும்மா போகாது.

காப்ரில்லிக்குப் பின் பயிற்சியின் வரிசையும் மாறியது. முதலில் தரையில் கிடக்கும் கம்புகளின்மேல் நடை. பிறகு அதே கம்புகளின்மேல் ட்ராட் என்னும் இரண்டு தட்டு ஓட்டம். பிறகு முழங்கால் உயரத்துக்குப் பெருக்கல் குறி போல வைத்த தடை. பிறகு நேர்கோட்டில் இரண்டு, மூன்று. வளைவு. அரைக் கோர்ஸ். முழுக் கோர்ஸ் கடைசியில்தான். மாணவருக்கும் பெற்றோருக்கும் பொறுமை போவது இந்த இடத்தில்தான். எத்தனை சென்டிமீட்டர் தாண்டுகிறாள் என்று கேட்பது நம் இயல்பு. ஆனால் தனித்தடையை ஒரு மீட்டர் தாண்டுகிறவர் 70 சென்டிமீட்டர் கோர்ஸை முடிக்க முடியாமல் திணறுவது புதிதல்ல. உயரம் குதிரையின் வலு; கோர்ஸ் இருவருடைய படிப்பு.

உயரத்தின் கதை எழுபது ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. 1949 பிப்ரவரி 5 அன்று சிலி நாட்டின் வீன்யா டெல் மாரில், ஆல்பெர்த்தோ லாராகிபெல் என்ற ராணுவ அதிகாரி உவாசோ என்ற குதிரையில் 2.47 மீட்டர் தாண்டினார். இன்றுவரை யாரும் அதை மிஞ்சவில்லை. அந்த உவாசோ பந்தயத்தில் சோபிக்காமல் கழிக்கப்பட்ட குதிரை. அமெரிக்காவிலும் அப்படி ஒன்று. 1956-ல் இறைச்சிக்கு அனுப்பவிருந்த ஓர் ஏர்க்குதிரையை ஹாரி டிலேயர் என்ற பயிற்சியாளர் 80 டாலர் கொடுத்து மீட்டார். ஸ்னோமேன் என்று பெயர் வைத்த அந்தக் குதிரைதான் 1958-லும் 1959-லும் அந்நாட்டின் தடை தாண்டும் சாம்பியன். எல்லா ஏர்க்குதிரையும் ஸ்னோமேன் ஆகாது. இன்றைய ஒலிம்பிக் குதிரைகளின் விலையும் வேறு. ஆனாலும் விலை கொடுத்தால் வித்தை வந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த இரண்டு குதிரைகளும் அசைத்துப் பார்க்கின்றன.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. நவீன பென்டத்லான் போட்டியில், குலுக்கலில் கிடைக்கும் முன்பின் தெரியாத குதிரையோடு 20 நிமிடம் மட்டும் பழகிவிட்டு முழுக் கோர்ஸ் தாண்ட வேண்டும் என்று விதி இருந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முன்னிலையில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லொய்க்கு செயிண்ட் பாய் என்ற குதிரை வந்தது. அது நகர மறுத்தது. அவர் அழுதுகொண்டே சாட்டையை ஓங்கியதையும், அவருடைய பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தியதையும் உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. பாரிஸ் ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டியிலிருந்து குதிரையே விடைபெற்றது. குதிரை விளையாட்டு கொடுமை என்று சொல்பவர்கள் இதைத்தான் முதலில் காட்டுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அங்கே நடந்தது என்ன? இடைவெளியைக் கற்க வேண்டிய காலத்தை வெட்டிவிட்டு, தாண்டலை மட்டும் கேட்டார்கள். சாட்டை வந்து நின்றது அந்த வெற்றிடத்தில்தான். காயம், முதுமை, ஓய்வு ஆகியவற்றில் கடுமையான கண்காணிப்பு இல்லாத லாயம் எதுவும் இந்த விளையாட்டை நடத்தத் தகுதியற்றது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

இந்தியாவின் அனுபவம் என்ன சொல்கிறது? டிரெஸ்ஸாஜ், நாட்டுப்புற ஓட்டம், தடை தாண்டல் மூன்றும் சேர்ந்த ஈவென்டிங் போட்டியில், 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தனிநபர் தங்கம் வென்றார், அணிக்கும் தங்கம். அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு 36 ஆண்டுகள் காத்திருந்தோம். 2018 ஜகார்த்தாவில் பெங்களூரின் ஃபுவாத் மிர்சா வெள்ளி வென்றார், அணியும் வெள்ளி. டோக்கியோவில் அவர் டிரெஸ்ஸாஜ், நாட்டுப்புற ஓட்டம் இரண்டையும் முடித்து, தடை தாண்டும் சுற்றில் 8 அபராதப் புள்ளியோடு 25-ஆம் இடத்தில் தகுதி பெற்றார். இறுதியில் 23-ஆம் இடம். தொடக்க நாளில் அவர் பெற்ற அபராதம் வெறும் 28. கடைசிக் கணக்கு 59.60. அதில் 20.40 இரண்டு தடை தாண்டும் சுற்றுகளில் சேர்ந்தது. உயரம் தாண்ட முடியாத குதிரையா அவருடைய செய்னியர் மெடிகாட்? இல்லவே இல்லை. களைப்புக்குப் பிறகும் ஸ்ட்ரைடைக் காப்பாற்றுவதில் வரும் சின்னஞ்சிறு வித்தியாசம்தான் முதல் பத்து இடங்களையும் இருபத்துமூன்றாம் இடத்தையும் பிரிக்கிறது. அந்த வித்தியாசத்தைக் குறைக்க அவர் ஜெர்மனியில் தங்கிப் பயில வேண்டியிருந்தது.

குதிரை வாங்கலாம், பாடம் வெளியூரில்தான். இது தமிழ்நாட்டுக்குப் பழைய கதை. பாண்டியர் காலத்தில் பாரசீகத்திலிருந்தும் அரேபியாவிலிருந்தும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் நம் துறைகளில் இறங்கியதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதினார். மார்க்கோ போலோ இன்னும் கசப்பான ஒன்றைச் சொன்னார். வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு திரும்புவதற்குள் செத்துப்போயின. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லை. சோறும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்துத் தீனி போட்டார்கள். குதிரை விற்கும் வணிகர்கள் வைத்தியர்களை அழைத்து வரவில்லை, வர விடவுமில்லை. சாகச் சாகத்தானே வியாபாரம். பயணியின் மிகைப்படுத்தலைக் கழித்துவிட்டாலும், கருவூலம் குதிரைக்குத் திறந்திருந்தது, குதிரைக்காரனுக்குத் திறக்கவில்லை என்ற சித்திரம் மிஞ்சுகிறது. மாணிக்கவாசகர் கதையிலும் பாண்டியன் அமைச்சரை அனுப்புவது குதிரை வாங்கத்தான். கலையிலும் இதே சாய்வு. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் கல்லில் எகிறி நிற்கும் குதிரைகளைப் பார்த்து வியக்காதவர் இல்லை. அத்தனையும் எகிறும் கணம். யாருக்கும் அடங்காத குதிரை தேசிங்குக்கு அடங்குவதும் பாடலில் ஒரே ஏற்றத்தில். பயிற்சிக்குப் பாட்டில் இடமேது!

நம்மிடம் குதிரை அறிவு அறவே இல்லை என்று சொல்ல வரவில்லை. குதிரையின் ஐந்து நடைகளை ஐங்கதி என்று பெயரிட்டுப் பிரித்த மொழி இது. தஞ்சை சரசுவதி மகாலில் நகுலரின் அசுவ சாஸ்திரம் ஓவியங்களோடு இருக்கிறது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடித் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. மேளத்துக்கு ஆடும் குதிரைகளைப் பழக்குகிறவர்கள் அங்கே வருகிறார்கள். தென்மாவட்டங்களில் குதிரை வண்டிப் பந்தயம் ஓய்ந்தபாடில்லை. மெரினாவிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களின் கைப்பழக்கத்துக்கும், நகரத்துப் பள்ளிகளின் பாடத்திட்டத்துக்கும் நடுவே யாரும் பாலம் போடவில்லை. குதிரை ஏறாமல் கெட்டது, கடன் கேளாமல் கெட்டது என்பார்கள். ஏறத் தெரிந்தவர்கள் ஒரு பக்கமும் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கமும் இருந்தால் குதிரை என்ன செய்யும்?

வெயில் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். மார்க்கோ போலோவும் இந்த நாடு குதிரை வளர்ப்புக்கு ஏற்றதல்ல என்றே நினைத்தார். ஆனால் ஓசூர் மத்திகிரியில் 1824-ல் கம்பெனி அரசு பண்ணை வைத்தது படைக் குதிரைகளுக்காகத்தான். அதிகாலையில் பயிற்சி, நிழல், தண்ணீர், அளவான தீனி இருந்தால் சென்னையின் வேக்காட்டிலும் காவல்துறைக் குதிரைகள் பணி செய்கின்றன. கொள்ளு விளையும் ஊர். இளைத்தவனுக்கு எள்ளு என்று சொல்லிவிட்டு கொள்ளைக் குதிரைக்கு ஒதுக்கிய நாமே தீனிக்குப் பயப்படலாமா?

பணக்காரர் விளையாட்டு என்ற மறுப்பை அப்படி எளிதில் தள்ள முடியாது. கள்ளக்குறிச்சி எப்படிப்பட்ட மாவட்டம் என்பதையும் மறைக்க முடியாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதையடுத்துத்தான் கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அந்த மலை முழுமையாக அரசிடம் வந்ததே 1976-ல்தான். சாலை கேட்டும் வேலை கேட்டும் நிற்கும் மலையாளிப் பழங்குடியினரிடம் போய்க் குதிரையேற்றம் பேசுவது குரூரமாகத் தோன்றலாம். சாலைக்கான பணத்தில் ஒரு ரூபாயும் லாயத்துக்குப் போகக் கூடாது. மலையில் ஒரு சென்ட் நிலமும் இதற்காகக் கை மாறக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஏற்காத எந்தத் திட்டத்தையும் எதிர்க்க வேண்டும். ஆனால் ஏழை மாவட்டம் என்பதாலேயே அங்கிருக்கும் பிள்ளைக்கு ஓட்டமும் கபடியும் போதும் என்று நாமே வரையறுப்பது இன்னொரு வகை ஜாகிர்.

செலவு எங்கே கூடுகிறது என்று பிரித்துப் பார்த்தால் வழி தெரிகிறது. சொந்தக் குதிரையும் வெளிநாட்டுக் குதிரையும்தான் இந்த விளையாட்டைப் பணக்காரர் கையில் வைத்திருக்கின்றன. தொடங்குகிறவருக்கு இரண்டுமே வேண்டாம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவு இருக்கிறது; கல்லூரிப் பிள்ளைகள் சொந்தக் குதிரை இல்லாமலே அங்கே ஏறுகிறார்கள். அதே மாதிரியை நடத்தத் தோதான இடம் கள்ளக்குறிச்சி எல்லையில் காத்திருக்கிறது. சின்னசேலத்தைத் தாண்டினால் தலைவாசல் கூட்டுரோடு; அங்கே ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த கால்நடை ஆராய்ச்சி நிலையம் 2021-ல் திறக்கப்பட்டது. மருத்துவர்கள் இருக்கும் இடம், தீவனம் விளையும் இடம். பந்தயத்திலிருந்து ஓய்வு பெறும் குதிரைகளுக்குப் போக்கிடம் தேடும் நிலையும் நாட்டில் இருக்கிறது. இவற்றோடு சேர வேண்டியது ஆள்: ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் அடிக்கிறவர், வயிற்றுவலியை முகம் பார்த்தே சொல்லும் பராமரிப்பாளர், கம்பைத் தரையில் போட்டு மாதக்கணக்கில் பொறுத்திருக்கும் ஆசிரியர். மூன்றும் பிழைப்புக்கான தொழில்கள். மலையிலிருந்து பிழைப்புக்கு இறங்கி வரும் இளைஞர்களுக்கு அவற்றில் முதல் இடம் கொடுப்பதில் என்ன தடை? பதக்கம் வராவிட்டாலும் இந்த மூன்று தொழிலும் நிற்கும். அந்தியூர் சந்தைக்கும் அவர்கள் தேவை.

முதல் ஆண்டுக்கு உயரம் தாங்கும் வண்ணத் தடைகள்கூட வேண்டியதில்லை. கடலூர், விழுப்புரம் பக்கத்துச் சவுக்குக் கம்புகள் ஒரு டஜன், நாலு விரல் கனத்தில், பன்னிரண்டடி நீளத்தில். பட்டை உரித்து வெள்ளை அடித்தால் ஆயிற்று. மரவள்ளி பிடுங்கிய வயல் அளவுக்குச் சமமான இடம் ஒன்று, கல் பொறுக்கி மணல் போட்டது. முதல் கம்பிலிருந்து இருபது காலடி நடந்து இரண்டாவது கம்பைக் கிடத்த வேண்டும். அறுபது அடி, நான்கு ஸ்ட்ரைடு. இரண்டுமே தரையில் கிடக்கும். குதிரையில் இருக்கும் பிள்ளை உரக்க எண்ண வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுநாள் அதே அறுபது அடியில் ஐந்து எண்ண வேண்டும்.